கஸ்கோனியின் வேட்டைநாய்கள்

வெண்மயிரிற் கரும்புள்ளிகள் செறிந்து நீலமாய்த் தோன்றுபவை தென்மேற்குப் பிரான்சின் கஸ்கோனி மோப்ப நாய்கள். அவற்றின் பழமையைப் பேசுவோர் ஃபுவாப் பிரபு காஸ்தோன் பெபுஸையே நினைப்பர். 1387இல் அவர் எழுதத் தொடங்கிய வேட்டை நூல், நாய்க்குத் தூய வைக்கோற் படுக்கையும் நோய்க்கு மருந்தும் கனிவோடு கூறுகின்றது.

1388இல் அவரது ஓர்த்தெஸ் அரண்மனைக்கு வந்த வரலாற்றாசிரியர் புரொய்சார் கூறுவது வேறு கதை. பிரிந்துபோன தாயிடம் தந்தையின் அன்பு திரும்புமென நம்பவைத்து, தாய்மாமனான நவார் மன்னன் பிரபுவின் மகனிடம் ஒரு பொடியைக் கொடுத்தனுப்பினான். ஐயுற்ற பிரபு அதை நாய்க்கிட்டார், நாய் மாண்டது. சிறைப்பட்ட மகன் உணவை மறுத்தான். சினந்த தந்தையின் கைக்கத்தி அவன் கழுத்திற் பட்டது. 1380இல் மகனும் மாண்டான்.

ஏழாண்டின் பின் பிறந்த நூலிலே நாய்களுக்குக் கிடைத்த பரிவு, மகனுக்குக் கிட்டாத பரிவுதானோ? அந்நூலைப் போற்றுவோம், அம்மகனையும் மறவாதிருப்போம்.