திறப்பு விழா முடிந்த பிறகு



சுவர் முழுக்கத் திரைகள். எந்தச் சந்திப்பில் நெரிசல், எந்தத் தெருவிளக்கு எரியவில்லை, குப்பை லாரி எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்த 100 நகரங்களிலும் இப்படி ஒரு கட்டுப்பாட்டு மையம் அமைந்திருக்கிறது. 2015 ஜூன் 25-இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2025 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நகரம் ஒன்றுக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய். அதே அளவு தொகை மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ந்து. கட்டுவதற்குப் பணம் இப்படி வந்தது. ஆனால் கேமராவுக்கு மின்கட்டணம், மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா, திரை முன் உட்காரும் ஊழியருக்குச் சம்பளம், இவையெல்லாம் இனி மாநகராட்சியின் தலையில்தான். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருவார். அடுத்த மாத பில்லுக்கு யார் வருவார்?

இந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டுக்கொண்ட ஊர் ஒன்று சென்னைக்குப் பக்கத்திலேயே உண்டு: ஆலந்தூர். இன்று அது சென்னை மாநகராட்சியின் ஒரு மண்டலம். 1990-களில் தனி நகராட்சி. விமான நிலையத்தை ஒட்டிய ஊர், ஜனம் நெருக்கியடித்து வாழும் ஊர். ஆனால் பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். நிரம்பினால் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், லாரிக்காரர் கேட்ட காசைக் கொடுக்க வேண்டும். திறந்த கால்வாயும் கொசுவும் தனி.

1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு, நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதியின் காலத்தில், பாதாள சாக்கடை போடுவதென்று முடிவானது. மதிப்பீடு ஏறக்குறைய 34 கோடி. ஒரு நகராட்சிக்கு அது மலைக்க வைக்கும் தொகை. மானியம் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் மக்களிடம் போனார்கள். இணைப்பு வேண்டுமா, அதற்குக் காசு கொடுப்பீர்களா என்று வீடுகளில் கணக்கெடுத்தார்கள். பிறகு குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டி, கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் 10,000 ரூபாய் என்று டெபாசிட் கேட்டார்கள். முடியாதவர்களுக்குத் தவணை. குழி தோண்டும் முன்பே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. அந்தக் காலத்து 5,000 ரூபாய் சாதாரணத் தொகையல்ல என்பது அன்று குடும்பம் நடத்தியவர்களுக்குத் தெரியும்.

மீதிக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் போன்ற இடங்களிலிருந்து கடன். சுத்திகரிப்பு நிலையத்தை ஒரு தனியார் கம்பெனி தன் பணத்தில் கட்டி நடத்துவது. சுத்திகரித்த அளவுக்கேற்ப நகராட்சி கட்டணம் கொடுப்பது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நிலையம் நகராட்சிக்கு. இந்தச் செலவுக்காகவே இணைப்பு பெற்ற வீடுகளுக்கு மாதக் கட்டணம். வசூல் போதாத நாட்களில் ஈடுகட்ட மாநில அரசு முன்வந்தது. கடனைத் திருப்பவும் கம்பெனிக்குக் கொடுக்கவும் பணம் எங்கிருந்து வரும் என்பது முதல் நாளே கணக்கில் இருந்தது. என்னைக் கேட்டால், ஆலந்தூரின் புத்திசாலித்தனம் குழாயில் இல்லை, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டும் தவறிய ஊர் உண்டு. திருப்பூர். பவானி ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 18 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவர, அரசும் தனியாரும் சேர்ந்து ஆயிரம் கோடிக்கும் மேல் போட்டார்கள். சாயப்பட்டறைகள் அதிக விலைக்கு வாங்கும், அந்த வருமானத்தில் வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு வழக்காகி, 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மறுபடி திறந்தவர்கள் கழிவுநீரையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஆற்றுக்கு அது நல்லது. தண்ணீர் விற்கும் கம்பெனிக்கு அது அடி. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பிக் கடை விரித்தால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

வடக்கே இந்தூர் வேறு வழியில் போனது. அந்த ஊருக்குக் குடிதண்ணீர் நர்மதையிலிருந்து, சுமார் 70 கிலோமீட்டர் தூரம் மேட்டில் ஏற்றி வர வேண்டும். மாநகராட்சியின் பெரிய தலைவலி அந்த மோட்டார்களின் மின்கட்டணம். 2023 பிப்ரவரியில் மாநகராட்சி பொதுமக்களிடம் பசுமைக் கடன் பத்திரம் விற்று 244 கோடி ரூபாய் திரட்டியது. வட்டி 8.25 சதவீதம். அந்தப் பணம் ஜலூத் என்ற ஊரில் 60 மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்கு.  மிச்சமாகும் மின்கட்டணமே கடனை அடைக்க வேண்டும் என்பது கணக்கு.

சென்னையில் இன்னொரு வழி: கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். 2019-இல் தொடங்கிய இந்த இரண்டு நிலையங்களும் தலா நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் திறன் கொண்டவை. நேற்றுவரை செலவாக இருந்த சாக்கடைத் தண்ணீர் இன்று வருமானம். அத்தனை குடிதண்ணீர் ஊருக்கும் மிச்சம்.

கட்டுப்பாட்டு மையத்துக்கு வருவோம். அது தண்ணீரும் விற்காது, மின்சாரமும் தராது. ஆனால் வரி விதிக்கப்படாத கட்டடத்தையும் கசியும் குழாயையும் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தினால் தன் செலவைத் தானே ஈட்டலாம். வெறும் வேடிக்கை பார்க்க வைத்தால் அது கடைசிவரை பாரம்தான்.

உங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். புதிய பூங்கா, புதிய திரை, புதிய செயலி என்று எது அறிவித்தாலும், கட்டும் செலவைக் கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். இதை நடத்த ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எந்த வருமானத்திலிருந்து வரும் என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.