கொட்டகையையும் அளந்து பாருங்க
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



வீடு வாங்கக் கடன் கேட்டு மனு வருது. 'ஓட்டு வீடு, வண்டி நிறுத்தக் கொட்டகை, மாட்டுத் தொழுவம், மோட்டார் ரூம்' என்று எழுதியிருக்கும். விலையும் எல்லாத்துக்கும் சேர்த்துத்தான். "போய்ப் பார்த்தீங்களா?" என்றால், "வீட்டைச் சுத்திப் பார்த்தோம்" என்பார்கள். தொழுவத்துக்குள் குனிந்து போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

எங்கள் குழுவிலேயே நடந்ததைச் சொல்கிறோம். ஒரு அக்கா, குழுக் கடனோடு நகையையும் அடகு வைத்து 5 சென்ட் இடத்தோடு வீடு வாங்கினார். மகன் லோடு ஆட்டோ ஓட்டுறான். தெருப் பக்கம் இருந்த தகரக் கொட்டகையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த வீடு பிடிச்சுது. கூடப் போன நாங்களும் தலையாட்டினோம். ஆறு மாசம் கழிச்சு வாய்க்கால் தூர்வார அளந்தப்போ, கொட்டகையில் பாதி வாய்க்கால் புறம்போக்கில் நின்னுது. பிரிச்சுட்டாங்க. ஆட்டோ தெருவுக்கு வந்துடுச்சு, தவணை மட்டும் நிக்கலை. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரிதான். ஆனா கொட்டகை அந்த 5 சென்ட்டுக்குள்ள இருக்கான்னு நாங்க யாருமே அளக்கலை. அந்த வருத்தம் எங்களுக்கு இன்னும் இருக்கு.

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 5 சென்ட்டுன்னா 2,178 சதுர அடி. புலப்படத்தை இ-சேவை மையத்தில் எடுக்கலாம். அதில் அளவு மீட்டரில் இருக்கும், அடிக்கு மாத்திக்கணும். விற்பவரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு வெச்சுக்கிட்டு நாலு பக்கமும் டேப் பிடிங்க. சந்தேகம் இருந்தா, முன்பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி நில அளவரை வைத்து அளக்கச் சொல்லுங்க. முன்பணம் கொடுத்த பிறகு நம்ம பேச்சு எடுபடாது.

அடுத்து, கொட்டகையின் காலைப் பாருங்க. இரும்புக் குழாய் மண்ணைத் தொடும் இடத்தில்தான் துருப்பிடிக்கும். மேலே பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, அடியில் சுரண்டினா தெரியும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ டெல்டா ஊர்களில் கூரைத் தகரம் பறந்ததை மறந்திருக்க மாட்டோம். குழாய் கான்கிரீட்டில் இறங்கியிருக்கா, தகரத்தில் போல்ட்டுகள் இறுக்கமா இருக்கான்னு ஆட்டிப் பாருங்க.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா, உடைஞ்சிருக்கான்னு பாருங்க. உடைத்தாலோ துளை போட்டாலோ வரும் தூசி மூச்சோடு போனால் நுரையீரலுக்குக் கெடுதி, புற்றுநோயும் வரும். பழைய ஷீட்டை மாத்துற செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்க.

தொழுவத்தை மழை நாள்ல போய்ப் பாருங்க. வெயில்ல எல்லாத் தொழுவமும் நல்லாத்தான் இருக்கும்! தரை சரிவா இருந்து மூத்திரம் ஓடைக்குப் போகணும். தேங்கி நின்னா மாட்டுக்குக் குளம்பு கெடும், மடிநோய் வரும். சாணிக் குழியும் கழிவறைத் தொட்டியும் கிணத்தை ஒட்டி இருந்தா வேண்டாம். குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும்.

மோட்டார் ரூமில் மின் இணைப்பு யார் பேரில், எந்த வகைன்னு கேளுங்க. விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் வீட்டுக்கோ கடைக்கோ கம்பி இழுத்திருந்தா, நாளைக்கு அபராதம் நம்ம தலையில்.

இவ்வளவும் பார்த்தப்புறம் விலை பேசும்போது, வீட்டுக்கு எவ்வளவு, கொட்டகைக்கு எவ்வளவுன்னு தனித்தனியாக் கேளுங்க. பத்திரத்திலும் கட்டடங்களை விடாமல் எழுதச் சொல்லுங்க. பெண்கள் பெயரில் வாங்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைச்சிருக்காங்க. அதையும் பத்திரம் எழுதுபவரிடம் நினைவுபடுத்துங்க.

கூட்டமைப்பு அலுவலகத்தில் 100 அடி டேப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போங்க. தனியாப் போக வேண்டாம், குழுவில் இரண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க.