போன ஃபேஸிலும் எரியும் டெஸ்டர்

சென்னிமலைப் பக்கம் தறி மோட்டார் சுற்றாமல் உறுமினால், "ஒரு ஃபேஸ் போயிருச்சுங்களா?" என்பார்கள். அணைக்காவிட்டால் காயில் கருகிவிடும்.

கோவையில் ஜி.டி.நாயுடு 1937-இல் மோட்டார் தயாரித்தார். கொங்குநாட்டில் இன்று மோட்டார் இல்லாத தெருவே அரிது. அவற்றின் பழுதைப் பார்க்கக் கற்றுத்தரும் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படிப்பு 2 ஆண்டு. நல்ல மாஸ்டர் வேண்டுமென்றே ஒரு ஃபியூஸைக் கழற்றிவைத்துவிட்டு, பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்வார். பையன் டெஸ்டர் வைப்பான், மூன்று ஃபேஸிலும் எரியும்! மோட்டார் சுருள் வழியாகவே, போன ஃபேஸுக்கும் மின்னழுத்தம் வந்துவிடுகிறது. மல்டிமீட்டரால் ஃபேஸுக்கு ஃபேஸ் அளந்தால்தான் குட்டு வெளிப்படும். நல்ல ஜோடியில் மட்டும் 415 வோல்ட் காட்டும்.

ஃபியூஸ் போடுமுன் மெயினை அணைத்தானா என்றும் மாஸ்டர் ஓரக்கண்ணால் பார்ப்பார். என்னைக் கேட்டால், பாதி மார்க்கை அதற்கே போடலாம்.