பன்னிரண்டாவது ஆட்டக்காரர்



பெங்களூரில் அல்சூரை ஒட்டி ஜோகுபாளையம் என்றொரு பகுதி உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படைவீடு இவ்வூரில் அமைந்த நாள் தொட்டே அல்சூர் வட்டாரத்தில் தமிழர்கள் வந்து குடியேறினர். இன்றும் ஜோகுபாளையத்துத் தெருக்களில் தமிழ் தாராளமாகக் காதில் விழும். அங்கே ஒரு குறுக்குத் தெருவில் நாம் வசித்து வருகிறோம். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பு நமது தொழில். எப்படிப்பட்ட ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தாலும் தமிழாக்கிவிடுவோம் என்று தெருப் பிள்ளைகளிடையே நமக்கு ஒரு பெயர் உண்டு. அது எவ்வளவு தூரம் உண்மை என்பது நம் மேலதிகாரிக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். "அங்கிள், இம்பாக்ட் பிளேயர்னா தமிழ்ல என்ன?" என்று கேட்டான். அகராதி ஆசையால் அவன் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தெருவில் அவனே நன்றாகப் பந்து வீசுகிறவன். ஆனால் மட்டை பிடித்தால் இரண்டு பந்துக்கு மேல் நிற்கமாட்டான். ஆகவே அவன் கட்சியினர் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தார்கள். அவன் வீசிவிட்டுப் போய்ச் சுற்றுச்சுவர் மேல் உட்கார வேண்டியது; அவனுக்குப் பதிலாக வேறொருவன் வந்து அடிப்பான். கேட்டால், ஐ.பி.எல்.லிலேயே அப்படித்தான் என்கிறார்களாம். அந்த விதியின் பெயருக்குச் சரியான பொருள் தெரிந்தால் எதிர்த்து வாதாடலாம் என்பது அவன் எண்ணம்.

'தாக்கம் விளைவிக்கும் ஆட்டக்காரர்' என்றோம். அவனுக்குப் பிடிக்கவில்லை. 'மாற்று ஆட்டக்காரர்' என்றோம். அதில் வாதாட இடமில்லை என்று சொல்லிப் போய்விட்டான். அவன் போனபின் அந்த விதியைக் குறித்து நாம் சிறிது படித்தோம். படித்ததை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

கிரிக்கெட்டில் ஒரு கட்சிக்குப் பதினொருவர் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. ஒருவருக்குக் காயம் பட்டால் வேறொருவர் வந்து பந்தைத் தடுக்கலாம். ஆனால் பந்து வீசவோ மட்டை பிடிக்கவோ கூடாது என்பது பழைய சட்டம். தலையில் அடிபட்டவருக்காக மட்டும் 2019-இல் அச்சட்டத்தைச் சற்றுத் தளர்த்தினார்கள். 2022 அக்டோபரில் நமது கிரிக்கெட் வாரியம் சையத் முஷ்டாக் அலி கோப்பைப் போட்டியில் வேறொரு சோதனை செய்து பார்த்தது. 2023-இல் அது ஐ.பி.எல். போட்டிகளுக்கும் வந்து சேர்ந்தது. பூவா தலையா போட்டபின் ஒவ்வொரு கட்சியும் தன் பதினொருவரோடு மேலும் ஐவர் பெயரைக் கொடுக்கும். அந்த ஐவரில் ஒருவர், ஆட்டத்தின் நடுவே, பதினொருவரில் ஒருவருக்குப் பதிலாக உள்ளே வரலாம். வந்தவர் மட்டையும் பிடிக்கலாம், நான்கு ஓவரும் வீசலாம். வெளியே போனவர் போனவர்தான்.

சொல்லும்போது சிறிய மாறுதலாகத் தோன்றுகிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று? முதலில் மட்டை பிடிக்கும் கட்சி, கூடுதலாக ஓர் அடிப்பாளரை வைத்துக்கொண்டு ஆடும். அவர் வேலை முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டு ஒரு பந்து வீச்சாளரைக் கொண்டுவரும். எதிர்க்கட்சி இதைத் தலைகீழாகச் செய்யும். 2023 மார்ச் 31 அன்று அகமதாபாதில் நடந்த முதல் ஆட்டத்திலேயே சென்னைக் கட்சி, மட்டை பிடித்து முடித்த அம்பாத்தி ராயுடுவை அனுப்பிவிட்டுத் துஷார் தேஷ்பாண்டேயைப் பந்து வீச அழைத்தது. குஜராத் கட்சியோ, காயமுற்ற வில்லியம்சனுக்குப் பதிலாக நமது சென்னைப் பிள்ளை சாய் சுதர்சனை மட்டை பிடிக்க இறக்கியது. அதே ஆண்டில் பெங்களூர்க் கட்சியின் தலைவர் டூ பிளெசிஸ், விலாப்புறத்துக் காயத்தால் களத்தில் ஓடியாட இயலாத நிலையில், மட்டை பிடிப்பது மட்டுமே தம் பணி என்று சில ஆட்டங்கள் ஆடினார்.

இந்தக் கடைசிச் செய்தியைப் படித்த அமெரிக்கர் எவரும் வியந்திருக்கமாட்டார். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தில் இந்த வழக்கு அரை நூற்றாண்டு நடந்து முடிந்திருக்கிறது. பேஸ்பாலில் கட்சிக்கு ஒன்பது பேர். ஒன்பது பேரும் வரிசைப்படி மாறிமாறி அடித்தாக வேண்டும். அவர்களுள் பந்து எறிபவர் மட்டும் எறிவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவராதலால் அடிப்பதில் பெரும்பாலும் சோடை. அவருக்குப் பதிலாக அடிக்கமட்டும் ஒருவரை வைத்துக்கொண்டால் என்ன என்று கானி மாக் என்னும் நிர்வாகி 1906-ஆம் ஆண்டிலேயே கேட்டுப் பார்த்தார். அப்போது எவரும் செவிசாய்க்கவில்லை. 1973-இல் அங்குள்ள இரு பெரிய லீகுகளில் ஒன்றாகிய அமெரிக்கன் லீக் அதை ஏற்றது. 'டெசிக்னேட்டட் ஹிட்டர்' என்று பெயரிட்டார்கள். அலுவலக நடையில் சொல்வதானால் 'நியமிக்கப்பட்ட அடிப்பாளர்'. இவர் களத்தில் நிற்பதில்லை. முறை வரும்போது வந்து அடித்துவிட்டுப் போய் உட்காருவார். அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று பாஸ்டனில் நியூயார்க் யாங்கீஸ் கட்சிக்காக ரான் பிளூம்பர்க் என்பவர் முதல்முதலாக அப்படி வந்து நின்றார். அந்த முதல் முறையில் அவர் பந்தை அடிக்கவே இல்லை. எறிந்தவர் எல்லை தவறித் தவறி எறிந்ததால் நடந்தே முதல் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

மற்றொரு லீகாகிய நேஷனல் லீக் இதை ஏற்க மறுத்தது. ஒரே நாட்டில், ஒரே ஆட்டத்துக்கு இரண்டு சட்டங்கள். இரு லீகுகளின் வெற்றியாளரும் மோதும் இறுதிப் போட்டியில் எந்தச் சட்டம்? 1986 முதல் ஒரு வழி கண்டார்கள்: எந்தக் கட்சியின் ஊரில் ஆட்டமோ அந்த ஊர் வழக்கம். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இந்த ஏற்பாட்டின் நியாயம் விளக்காமலே புரியும். 2022-இல் நேஷனல் லீகும் இணங்கியது. நாற்பத்தொன்பது ஆண்டு வைராக்கியம் முடிவுக்கு வந்தது.

இரு நாட்டு வாதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தென்படுகிறது. விதி வேண்டாம் என்ற அமெரிக்கர், 'இதனால் தந்திரம் செத்துவிடும்' என்றனர். நன்றாக எறிந்துகொண்டிருப்பவரை, அடிக்கும் முறை வந்ததற்காக எடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்ற சங்கடம்தான் நிர்வாகியின் அறிவுக்குச் சோதனை. புது விதியில் அந்தச் சங்கடமே இல்லை. நம் நாட்டிலோ விதி வேண்டும் என்பவர்கள் 'இதனால் தந்திரம் வளரும்' என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களுள் நமது அஸ்வினும் ஒருவர். 2024-இல் சென்னையில் நடந்த தகுதி ஆட்டத்தில் ஹைதராபாத் கட்சிக்காக இடையில் வந்த ஷாபாஸ் அகமது மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தி ஆட்டத்தைத் திருப்பியதையும், துருவ் ஜுரேல் போன்ற இளைஞர்கள் இவ்விதியின் வழியே வெளிச்சத்துக்கு வந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். தோற்ற கட்சியில் இருந்துகொண்டே அவர் அதைச் சொன்னார் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

எதிர்த்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். 2024 ஏப்ரலில் ரோகித் சர்மா தமக்கு இவ்விதி உவப்பில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். மட்டையும் பந்தும் இரண்டும் பழகிய ஆட்டக்காரர்களின் வளர்ச்சியை இது தடுக்கும் என்றார். வாஷிங்டன் சுந்தருக்கும் சிவம் துபேக்கும் பந்து வீசும் வாய்ப்பே கிட்டாமற் போவதை எடுத்துச் சொன்னார். அடுத்த மாதம் விராட் கோலியும் அவரோடு உடன்பட்டார். கேளிக்கை வேண்டியதே, ஆனால் மட்டைக்கும் பந்துக்கும் இடையே சமநிலை குலைகிறது என்பது அவர் கருத்து.

சமநிலை குலைந்ததா என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சாட்சி இருக்கிறது. ஜோகுபாளையத்திலிருந்து நடந்து அல்சூர் மெட்ரோ நிலையத்தில் ஏறினால் மூன்றாவது நிலையம் கப்பன் பூங்கா. இறங்கினால் சின்னசாமி அரங்கம். 2013 ஏப்ரல் 23 அன்று அங்கே பெங்களூர்க் கட்சி, கெயிலின் ஆட்டமிழக்காத 175 ஓட்டங்களோடு, 263 எடுத்தது. ஐ.பி.எல்.லில் அதுதான் பதினோராண்டு முறியாத எண்ணிக்கை. 2024 மார்ச்சில் ஹைதராபாதில் அது முறிந்தது. ஏப்ரல் 15 அன்று, அதே சின்னசாமி அரங்கில், ஹைதராபாத் கட்சி 287 எடுத்தது. துரத்திய பெங்களூர்க் கட்சி 262 எடுத்துத் தோற்றது. ஒரே மாலையில் 549 ஓட்டங்கள்! அவ்வளவுக்கும் இந்த விதி ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆடுகளம் தட்டை, எல்லைக்கோடு கிட்டம், அடிப்பவர்களின் துணிவும் வேறு. ஆனால் எட்டாவது இடத்திலும் தேர்ந்த அடிப்பாளர் காத்திருக்கிறார் என்று தெரிந்தபின் முதல் பந்திலேயே கண்ணை மூடிக்கொண்டு வீசி அடிக்க என்ன தயக்கம்?

இங்கே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அமெரிக்கர் 1973-இல் இம்மருந்தைக் கொடுத்ததற்கு ஒரு நோய் இருந்தது. 1968-இல் எறிபவர்கள் கை ஓங்கி, அடிப்பதே அரிதாகிவிட்டது. மறு ஆண்டு, எறிபவர் நிற்கும் மேட்டைப் பதினைந்து அங்குலத்திலிருந்து பத்தாகக் குறைத்துக்கூடப் பார்த்தார்கள். அமெரிக்கன் லீகில் கூட்டம் குறைந்து வருமானமும் தேய்ந்தது. நம் ஐ.பி.எல்.லில் ஓட்டப் பஞ்சம் என்று எவர் அழுதார்? கூட்டம் குறைந்தது என்று எவர் வருந்தினார்? பசி இல்லாதவனுக்குப் பசித்தூண்டி கொடுத்தது போலத்தான் நமக்குத் தோன்றுகிறது.

கிரிக்கெட்டே இதை ஒருமுறை சுவைத்துத் துப்பியும் இருக்கிறது. 2005-இல் ஒருநாள் ஆட்டங்களில் 'சூப்பர் சப்' என்று ஒரு மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தார்கள். பூவா தலையாவுக்கு முன்பே பெயரைச் சொல்ல வேண்டியிருந்ததால், அதில் வென்ற கட்சிக்கே இருமடங்கு ஆதாயம் ஆயிற்று. 2006-இல் கைவிட்டார்கள்.

விதியை ஆதரிப்போரிடம் ஒரு வலுவான வாதம் இருப்பதை நாம் மறுக்கவில்லை. சந்திரசேகரை நினைத்துப் பாருங்கள். கர்நாடகம் தந்த அந்தச் சுழற்பந்து மேதை 58 டெஸ்டுகளில் 242 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எடுத்த ஓட்டங்களோ 167. விக்கெட்டைவிட ஓட்டம் குறைவு. அப்படிப்பட்டவர் கையில் மட்டையைக் கொடுத்து நிறுத்துவது யாருக்கு நன்மை என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்தான். எனினும் அவர் மட்டையுடன் நடந்து வந்ததும் அந்த ஆட்டத்தைச் சேர்ந்ததே.

அதைவிட நம் நெஞ்சில் நிற்பது வேறொரு நாள். 1996 அக்டோபர் 21, டைட்டன் கோப்பை, சின்னசாமி அரங்கம். அப்போது நாம் மாயவரத்தில் பள்ளி மாணவர். அண்டை வீட்டுத் தொலைக்காட்சியின் முன் தெருவே கூடியிருந்தது. ஆஸ்திரேலியாவை வெல்ல 216 வேண்டும். டெண்டுல்கர் 88 எடுத்து வெளியேறியபோது 164-க்கு எட்டு விக்கெட்டு. அண்டை வீட்டுக்காரர் எழுந்து பெட்டியை அணைத்தே விட்டார். மறுபடி போட வைத்தது நாமும் நம் தோழர்களும் செய்த கூச்சல். களத்தில் எஞ்சியவர்கள் இருவரும் பந்து வீச்சாளர்கள்: மைசூர் ஸ்ரீநாத்தும் பெங்களூர் கும்ப்ளேயும். தட்டியும் தடவியும் ஓடியும் ஐம்பத்திரண்டு ஓட்டங்களை அந்த இருவரே சேர்த்தார்கள். ஸ்ரீநாத் 30, கும்ப்ளே 16, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. புது விதி அன்றிருந்தால் அவ்விருவரில் ஒருவர் வீசி முடித்துவிட்டு ஓய்வறையில் அமர்ந்திருப்பார். பதிலுக்கு ஓர் அடிப்பாளர் வந்திருப்பார். இந்தியா இன்னும் எளிதாக வென்றிருக்கலாம். அந்த வெற்றியை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நாம் நினைத்திருப்போமா என்பது சந்தேகமே. அதே கும்ப்ளே 2007-இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் ஆட்டமிழக்காமல் 110 எடுத்தார்; அதற்குமுன் நூறு ஓட்டம் காணாமல் நூற்றுக்கு மேற்பட்ட டெஸ்டுகள் ஆடியவர் அவர்.

வாஷிங்டன் சுந்தர் கதையும் அப்படியே. ஐ.பி.எல்.லில் இடமின்றித் தவித்தவர், 2024 அக்டோபரில் புனே டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ஆட்டமிழக்காமல் 101 எடுத்து ஆட்டத்தைக் காத்தார். இரண்டு வேலையும் செய்பவனுக்கு இன்னும் டெஸ்டில் இடம் இருக்கிறது.

வாரியத்தின் மனமும் ஒரு நிலையில் இல்லை. 2024 செப்டம்பரில், ஐ.பி.எல்.லில் இவ்விதி 2027 வரை தொடரும் என்று அறிவித்தார்கள். அடுத்த மாதமே, அதைச் சோதித்துப் பார்த்த முஷ்டாக் அலி கோப்பையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பயிற்சிக்கூடத்துக்கு ஆகாதது அரங்கத்துக்கு ஆகும் போலும்!

இனி அந்தப் பையனிடம் வருவோம். மறு ஞாயிறு அவனையும் அவன் கட்சியினரையும் திண்ணையில் உட்கார வைத்து, ஜப்பானிலிருந்து அமெரிக்கா சென்ற ஓஹ்தானியின் கதையைச் சொன்னோம். எறிவதிலும் வல்லவர், அடிப்பதிலும் வல்லவர். அவரைப் போன்றவர்களுக்காக 2022-இல் அங்கே ஒரு துணைவிதி சேர்த்தார்கள்: எறிபவரே தம் பெயரை நியமன அடிப்பாளராகவும் கொடுத்துக்கொள்ளலாம், எறிந்து களைத்து மேட்டை விட்டு இறங்கினாலும் அடிக்கும் உரிமை போகாது. 2024-இல் முழங்கைச் சிகிச்சைக்குப் பின் எறிய முடியாதிருந்த அவர், அடிக்கமட்டும் வந்து 54 ஹோம் ரன்கள் அடித்ததையும் மறைக்காமல் சொன்னோம். விதிக்கும் அந்த நன்மை உண்டு அல்லவா?

பிள்ளைகள் தங்களுக்குள் நெடுநேரம் பேசினார்கள். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு. பாதி நமக்குக் கேட்கவில்லை. முடிவில் ஒரு தீர்மானம் வந்தது: பந்து வீசுகிறவன் ஆட்டம் தொடங்குமுன் 'எனக்கு ஆள் வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அவனே மட்டை பிடிக்கலாம்.

அவன் சொன்னான். முதல் பந்திலேயே ஸ்டம்பாக வைத்திருந்த செங்கல் சரிந்தது. அடுத்த ஞாயிறும் சொன்னான்.