12 கணு பார்த்தாங்களா?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆபரேஷன்னா, ரிப்போர்ட் வந்து சேர்றது நம்ம வாட்ஸ்அப்புக்குத்தான். பெருங்குடல் புற்றுநோய்னா அந்த ரிப்போர்ட்ல எந்த வரியைத் தேடணும்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல எல்லாருக்கும் வர்ற சந்தேகம். கட்டி 3 சென்டிமீட்டர்தான், டாக்டர் ஏன் ஒரு அடி குடலை எடுத்தார்? காரணம் நிணநீர்க் கணுக்கள். லிம்ப் நோட்னு சொல்றாங்களே, அது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்களை ஒட்டி, கொழுப்புக்குள்ள வரிசையா இருக்கும். எந்தக் கணுவுல நோய் புகுந்திருக்குன்னு கண்ணால சொல்ல முடியாது. ஸ்கேன்லயும் சின்னது தப்பிடலாம். அதனால ரத்தக்குழாயை அது கிளம்புற இடத்துக்குப் பக்கத்துலயே கட்டி, கொழுப்போட மொத்தமா எடுத்துடுறாங்க. ரத்தம் நின்னுபோன குடலை விட்டுவைக்க முடியாது, அதுவும் கூடவே போயிடும்.

மலக்குடலுக்கும் இதே கணக்குதான். இங்கிலாந்துல பேசிங்ஸ்டோக் ஊர் சர்ஜன் பில் ஹீல்டு, மலக்குடலைச் சுத்தியிருக்கிற கொழுப்பை அதோட உறை கிழியாம முழுசா எடுக்கணும்னு 1982-ல எழுதினார். அப்படி எடுத்தப்போ அதே இடத்துல நோய் திரும்ப வர்றது ரொம்பக் குறைஞ்சது. இன்னைக்கு உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

அடுத்த வேலை பெத்தாலஜிஸ்ட் கையில. கொழுப்பைத் தடவித் தடவி ஒவ்வொரு கணுவாத் தேடி எடுத்து, மைக்ராஸ்கோப்புல பார்க்கணும். குறைஞ்சது 12 பார்க்கணும்ங்கிறது விதி. நாலே நாலு டெஸ்ட் ஓட்டிட்டு 'பக் இல்லை'ன்னா நாம ரிலீஸ் பண்ணுவோமா? அதேதான் இங்கயும்.

ரிப்போர்ட்ல '2/18'னு இருந்தா, 18 பார்த்ததுல 2-ல நோய் இருக்குன்னு அர்த்தம். வேற உறுப்புக்குப் பரவலைன்னா, ஒரு கணுவுல இருந்தாலும் அது 3-ஆம் நிலை. பொதுவா கீமோ சொல்வாங்க. '0/18' நிம்மதி. ஆனா '0/5'ஐ அப்படியே நம்பிட முடியாது.

பதறவும் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன்னாடி ரேடியேஷன் எடுத்த மலக்குடல்ல எண்ணிக்கை குறைவா வரலாம். மத்தபடி டாக்டர்கிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: "லேப்ல இன்னும் தேடிப் பார்க்க முடியுமா? கீமோ பத்திப் பேசணுமா?" அதையும் சீக்கிரம் கேளுங்க. கீமோ தேவைன்னா, ஆபரேஷன் முடிஞ்சு ஏறக்குறைய 8 வாரத்துக்குள்ள ஆரம்பிக்கிறது நல்லது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.