கொசு வலை கிழிஞ்சா கதவையே மாத்தணுமா?

இன்னைக்கு கோடிங் இல்ல, ஏஐ இல்ல. பால்கனி ஸ்லைடிங் டோர்ல இருக்கிற கொசு வலையை நாமளே எப்படி மாத்துறதுன்னு பேசப் போறோம். சிரிக்காதீங்க. போன நவம்பர்ல என் தங்கச்சி டெங்குவோட ஆறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. டெங்கு வைரஸ்ல 4 வகை இருக்கு. ஒரு வகை வந்து போனா அதுக்கு மட்டும்தான் நீண்ட நாள் எதிர்ப்பு சக்தி. ரெண்டாவது தடவை வேற வகை தாக்கினா நிலைமை மோசமாகிற ஆபத்து கூடும். அதனால இந்த மழைக்கு முன்னாடி வலை சரியாகணும்னு வீட்ல ஒரே பேச்சு.

ஓஎம்ஆர் பக்கம் இருக்கிறவங்க எல்லாப் பழியையும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்து மேல போடுவாங்க. ஆனா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு வளர்றது நம்ம பூந்தொட்டித் தட்டுலயும், ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற ட்ரேலயும்தான். கடிக்கிறதும் பெரும்பாலும் பகல்ல. நாம சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திட்டு நிம்மதியா இருப்போம். அது காலையிலயே வேலையை முடிச்சிருக்கும்.

எங்க வலை வெயில்ல நொந்து, தொட்டாலே பொடியா உதிர்ந்துச்சு. பார்க்க வந்த ஒரு கான்ட்ராக்டர், "சார், முழு ஷட்டரையும் மாத்தணும், 6,500 ஆகும்"னார். ஃப்ரேம் நல்லாத்தான் இருக்கு, தேஞ்சது வலை மட்டும். ஒரு பல்பு போனதுக்கு யாராவது வயரிங் முழுசா மாத்துவாங்களா?

வலையைச் சுத்தி ஒரு பள்ளம் ஓடும். அதுல ஒரு ரப்பர் பீடிங்கை அழுத்தி வச்சிருப்பாங்க. வலையைப் பிடிச்சு நிறுத்துறது அது மட்டும்தான், பசையோ ஆணியோ எதுவும் கிடையாது. ஷட்டரோட கீழ் ஓரத்துல சக்கரத்தை ஏத்தி இறக்குற ஸ்க்ரூ இருக்கும். அதைத் திருப்பி சக்கரத்தை உள்ள இழுத்துட்டு, ஷட்டரை மேல் ட்ராக்குக்குள்ள தூக்கினா அடிப்பக்கம் வெளிய வந்துடும். கண்ணாடி இல்லாததால கனம் இல்லைதான், ஆனாலும் ரெண்டு பேரா தூக்குங்க.

பழைய பீடிங்ல ஒரு துண்டு வெட்டி ஹார்டுவேர் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. தடிமன் சரியா இல்லன்னா ஒண்ணு பள்ளத்துல நுழையாது, இல்ல ரெண்டே நாள்ல வெளிய வந்துடும். வலைக்கு ஃபைபர்கிளாஸ்ல 18-16 கேளுங்க. அதாவது ஒரு இன்ச்சுக்கு ஒரு பக்கம் 18 ஓட்டை, மறு பக்கம் 16. அதைவிட நெருக்கமா போனா காத்து குறையும், சென்னையில அது தண்டனை. பூனை வளர்க்கிறவங்க தடிமனான பாலியஸ்டர் வலை வாங்கிடுங்க. 3-க்கு 7 அடி ஷட்டருக்கு தேவையான வலை, 20 அடி பீடிங், பீடிங்கை அழுத்துற சின்ன ரோலர், எல்லாம் சேர்த்து எனக்கு ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

சூட்சுமம் இனிமேதான். ஃப்ரேமைத் தரையில படுக்க வச்சு, பள்ளத்தைப் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சுடுங்க. வலையை நாலு பக்கமும் ரெண்டு இன்ச் கூடுதலா விரிச்சு, இழை ஃப்ரேமுக்கு நேரா ஓடுதான்னு பாருங்க. ஒரு மூலையில ஆரம்பிச்சு ரோலரால பீடிங்கை அழுத்திக்கிட்டே சுத்தி வரணும். வலையை விறைப்பா இழுக்கணும்னு கை துடிக்கும். வேண்டாம். பீடிங் பள்ளத்துக்குள்ள இறங்கும்போதே வலையை இழுத்துக்கும். நாமளும் சேர்ந்து இழுத்தா நீளமான பக்கம் ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு, ஷட்டர் நடுவுல இடுப்பு விழுந்துடும். மூலைகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால அமுக்குங்க. மிச்ச வலையை வெட்டும்போது பிளேடு பீடிங்குக்கு வெளிப்பக்கமா, வலைக்கு எதிர்த் திசையில சாய்ஞ்சு இருக்கணும்.

திருப்பி மாட்டினதும் ஷட்டர் ஓரத்துல இருக்கிற பிரஷ் பட்டையைப் பாருங்க. தேஞ்சு போயிருந்தா அதையும் மாத்துங்க, கொசுவுக்கு அந்த இடுக்கே போதும். இன்னொண்ணு, கண்ணாடியைப் பாதி திறந்து விட்டா கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவுல வழி கிடைச்சுடும். திறந்தா முழுசா திறங்க.

எங்க வீட்ல ரெண்டு பேரா சேர்ந்து ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் முடிச்சோம். ரோலர் பிடிச்சது தங்கச்சிதான். உங்க வீட்டு ஷட்டர்ல ஸ்க்ரூ எங்க இருக்குன்னு தெரியலன்னா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.