மேசைமேல் ஓர் இருப்புப்பாதை

பெரியதொன்றைக் கண்டு வியந்த மனிதன், அதனைச் சிறிதாக்கித் தன் கைக்குள் வைத்துப் பார்க்க விரும்புவது இயல்பு. வீதியில் உருண்ட பெருந்தேரைக் கண்ட குழந்தை, முற்றத்திலே சிறுதேர் உருட்டியது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் அந்தச் சிறுதேருக்கு ஒரு பருவத்தையே ஒதுக்கிவைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை தோன்றி, நீராவி எஞ்சின் ஊருக்கு ஊர் ஓடத் தொடங்கியபோது, சிறுதேரின் இடத்தைச் சிறு புகைவண்டி பிடித்துக்கொண்டது. ஆனால் இதிலே ஒரு புதுமை நிகழ்ந்தது. சிறுவருக்கென்று செய்யப்பட்ட இந்த விளையாட்டுப் பொருளை, வளர்ந்தவர்கள் கைவிட மறுத்தனர். மேசைமேல் தண்டவாளம் பதித்து, மலையும் பாலமும் நிலையமும் அமைத்து, கால அட்டவணைப்படி வண்டிகளை ஓட்டுவதற்கென்றே பல நாடுகளில் கழகங்கள் எழுந்தன.

அத்தகைய கழகங்களுள் ஒன்று, உலகம் இன்று வேலை செய்யும் முறையையே ஓரளவு மாற்றிவைத்தது என்றால் நேயர்களிற் பலர் வியப்படையக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, சாள்ஸ் நதியின் கரையில், கேம்பிரிட்ஜ் என்ற நகரில் எம்.ஐ.ரி. எனப்படும் தொழில்நுட்பக் கல்விநிலையம் அமைந்திருக்கின்றது. அங்கு 1946ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டிலே, மாணவர் சிலர் கூடி ஒரு கழகத்தைத் தொடங்கினர். ரெக் மொடல் றெயில்றோட் கிளப் என்பது அதன் பெயர். மாதிரி இருப்புப்பாதைக் கழகம் என்று அதனைத் தமிழில் அழைக்கலாம்.

கழகத்துக்குக் கிடைத்த இடமே ஒரு தனிக் கதைக்குரியது. போர்க்காலத்தில் ராடர் ஆராய்ச்சிக்காக 1943ஆம் ஆண்டில் அவசரம் அவசரமாக ஒரு மரக் கட்டடம் எழுப்பப்பட்டது. போர் முடிந்ததும் இடித்துவிடலாம் என்ற எண்ணத்துடன் கட்டப்பட்டமையால், அதற்கு ஒரு பெயர்கூட இடப்படவில்லை. 20ஆம் இலக்கக் கட்டடம் என்றே வழங்கியது. போர் முடிந்தது, கட்டடமோ நின்றது. ஒன்றல்ல, இரண்டல்ல, ஐம்பத்தைந்து ஆண்டுகள் நின்றது. சுவரில் துளையிட்டாலும் கூரையில் ஆணி அறைந்தாலும் கேட்பாரில்லாத கட்டடமாதலால், புதுமை செய்ய விரும்பியோருக்கு அது மிகவும் வாய்ப்பாக அமைந்தது. அதன் ஓர் அறையிலேதான் கழகத்தின் பாதையமைப்பு ஆண்டுதோறும் வளர்ந்து வந்தது.

அந்தப் பாதையமைப்பு எச்.ஓ. எனப்படும் அளவில் அமைந்தது. உண்மையான பொருளின் எண்பத்தேழில் ஒரு பங்கு என்பது அதன் கணக்கு. உலகின் பல நாடுகளில் 1435 மில்லிமீற்றர் அகலமுடையதாக இருக்கும் பாதை, மேசைமேல் 16.5 மில்லிமீற்றராகச் சுருங்கும். ஆறடி உயரமுள்ள மனிதன் 21 மில்லிமீற்றர் உயரமுள்ள பொம்மையாவான். ஒரு மைல் தூரம் ஏறத்தாழ 61 அடியாகிவிடும். அப்படிச் சுருக்கியும்கூட, இரண்டு நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை ஓர் அறைக்குள் அடக்க முடியாது. ஆகவே எதனை வைப்பது, எதனை விடுவது என்று தேர்ந்து கொள்வதே பாதையமைப்பின் முதற் கலையாகும். இந்தக் கழகத்தார் 1950களின் அமெரிக்காவைத் தேர்ந்துகொண்டனர். நீராவி எஞ்சினும் டீசல் எஞ்சினும் ஒரே பாதையில் ஓடிய காலம் அது.

கழகத்தினர் இயல்பாகவே இரு பிரிவினராய் அமைந்தனர். ஒரு சாரார் மேசைக்கு மேலே உள்ளவற்றை விரும்பினர். எஞ்சினுக்கு வண்ணந் தீட்டுவதும், மலைக்கு மரம் நடுவதும், பழைய புகைவண்டிகளின் வரலாற்றைத் தேடிப் படிப்பதும் அவர்களுக்கு இன்பம். மற்றொரு சாரார் மேசைக்குக் கீழே தவழ்ந்து சென்றவர்கள். அங்கே பல்லாயிரம் கம்பிகள் பின்னிக்கிடந்தன. வண்டி எவ்வளவு அழகாக இருக்கின்றது என்பதிலும் பார்க்க, அது எவ்வாறு கட்டளைக்குப் பணிகின்றது என்பதே அவர்களின் சிந்தையைக் கவர்ந்தது. சமிக்ஞையும் மின்வலுவும் பற்றிய குழு என அவர்கள் அழைக்கப்பட்டனர்.

இத்துணைக் கம்பிகள் எதற்கு என்ற கேள்வி எழலாம். சிறு புகைவண்டிக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்தின் வழியாகவே செல்கின்றது. பாதை முழுவதற்கும் ஒரே மின்சாரம் கொடுத்தால், அதன்மேல் நிற்கும் வண்டிகள் யாவும் ஒருங்கே புறப்படும், ஒருங்கே நிற்கும். ஒருவர் ஒரு வண்டியையும் இன்னொருவர் மற்றொரு வண்டியையும் தனித்தனியே ஓட்டவேண்டுமாயின், பாதையைப் பல துண்டங்களாக வெட்டி, ஒவ்வொரு துண்டத்துக்கும் வேறாக மின்சாரம் கொடுக்க வேண்டும். வண்டி ஒரு துண்டத்திலிருந்து அடுத்த துண்டத்துக்குச் செல்லும்போது, அதனை ஓட்டுபவரின் கட்டுப்பாடும் கூடவே செல்லவேண்டும். எதிரே இன்னொரு வண்டி நிற்குமாயின் வழி மறுக்கப்பட வேண்டும். பாதைமாற்றிகள் உரிய நேரத்தில் அசைய வேண்டும். இவ்வாறு வேண்டும் வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனால், பெரிய இருப்புப்பாதையின் சிக்கல்கள் அத்தனையும் அந்த மேசைக்கடியில் வந்து குடியேறிவிடுகின்றன.

இச்சிக்கலுக்கு மாணவர் கண்ட தீர்வு தொலைபேசி நிலையத்திலிருந்து வந்தது. தொலைபேசிக் கருவிகளைச் செய்யும் வெஸ்ரேண் எலெக்றிக் என்ற நிறுவனம், கல்லூரிகளுக்கு உபகரணங்களை நன்கொடையாக வழங்கி வந்தது. அவற்றுள் றிலே எனப்படும் சிறு கருவிகளும் இருந்தன. றிலே என்பது மின்சாரத்தாலே திறந்து மூடப்படும் ஓர் ஆளி. ஒரு றிலே திறக்க, அது இன்னொன்றை மூட, அது வேறொன்றை இயக்க, இப்படித் தொடர்ந்து செல்லும் சங்கிலியினாலே, 'இது நிகழ்ந்தால் அதனைச் செய். அது நிகழாவிடின் இதனைச் செய்' என்ற தீர்மானங்களை இயந்திரத்துக்குக் கற்பிக்கலாம். தொலைபேசியில் எண்ணைச் சுழற்றுவதுபோலச் சுழற்றி, தமக்கு வேண்டிய பாதைத் துண்டத்தைக் கழகத்தினர் பெற்றுக்கொண்டனர். சுழற்றியவுடன் மேசைக்கடியிலே கடகடவென்று ஓசை எழும். கட்டுப்பாடு ஒரு துண்டத்திலிருந்து மறு துண்டத்துக்குத் தாவும். 1962ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 1200 றிலேக்கள் அங்கே இயங்கின.

அறையின் பல இடங்களில் ஆபத்துக்கால ஆளிகளும் பொருத்தப்பட்டிருந்தன. வண்டியொன்று முழுவேகத்தில் தடையொன்றை நோக்கி விரைவதைக் கண்டவர், அருகிலுள்ள ஆளியைத் தட்டிவிடலாம். உடனே பலகையிலிருந்த கடிகாரம் நின்றுவிடும். நேரத்தைக் காட்டும் இடத்தில் 'ஃபூ' என்ற சொல் தோன்றும். பொருளற்ற இந்தச் சொல், இன்றும் கணனிக்குக் கட்டளை எழுதப் பழகுவோரின் பாடங்களில் எடுத்துக்காட்டுப் பெயராக வழங்கி வருகின்றது.

சொற்களை ஆக்குவதிலும் இக்கழகத்தார் வல்லவர்கள். கழகத்தின் பேச்சுவழக்கைத் தொகுத்துப் பீற்றர் சம்சன் என்ற மாணவர் 1959ஆம் ஆண்டில் ஓர் அகராதி ஆக்கினார். அதில் இடம்பெற்ற சொற்களுள் ஒன்று 'ஹக்' என்பது. பயன் கருதாமல், செய்வதன் இன்பத்துக்காகவே, நுட்பமாகவும் புதுமையாகவும் செய்யப்படும் வேலையை அவர்கள் அச்சொல்லாற் குறித்தனர். அப்படிச் செய்பவன் 'ஹக்கர்'. பிற்காலத்தில் அச்சொல், பிறருடைய கணனிக்குள் களவாகப் புகுபவனைக் குறிக்கும் இழிவையும் பெற்றது. பிறப்பிலே அது பாராட்டுச் சொல் என்பதை நினைவிற் கொள்ளல் தகும்.

கழகத்தில் ஒரு நல்ல வழக்கமும் இருந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவன் பாதையமைப்பிலே நாற்பது மணி நேரம் உழைத்தானாயின், அறையின் திறவுகோல் ஒன்று அவனுக்குக் கொடுக்கப்படும். எந்தக் குடும்பத்தவன், எத்தனை புள்ளி பெற்றான் என்று எவரும் வினவுவதில்லை. கையால் உழைத்தவன் எவனோ, அவனுக்குக் கதவு திறந்தது.

இந்தப் பயிற்சி எங்கே கொண்டு சென்றது என்பதை இனிக் காண்போம். 1958ஆம் ஆண்டிலே, டிரான்சிஸ்டர்களால் ஆக்கப்பட்ட தொடக்ககாலக் கணனிகளுள் ஒன்றான ரி.எக்ஸ்.-0, எம்.ஐ.ரி.க்கு இரவலாக வந்தது. அதற்கு முன் கணனி என்பது மாணவன் அணுகக்கூடிய பொருளாக இருக்கவில்லை. அட்டையிலே துளையிட்டுக் கொடுத்து, விடைக்காக மணிக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். புதிதாக வந்த இயந்திரமோ, முன்னால் அமர்ந்து நேரே உரையாடத் தக்கதாக இருந்தது. கழகத்தின் பழைய உறுப்பினரான ஜாக் டெனிஸ் என்பவர் மாணவருக்கு அதனை அறிமுகஞ் செய்துவைத்தார். மேசைக்கடியிற் றிலேக்களைப் பூட்டிப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. 'இது நிகழ்ந்தால் அதனைச் செய்' என்ற அதே தருக்கந்தான் அங்கும் இயங்கியது. இரவு வேளைகளில் இயந்திரம் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அவர்கள் சென்றனர். சம்சன் அதனை இசை பாட வைத்தார்.

1961ஆம் ஆண்டில் பி.டி.பி.-1 என்ற கணனி வந்து சேர்ந்தது. அவ்வட்டத்தைச் சேர்ந்த ஸ்டீவ் ரசல் என்பவர், நண்பர்களின் துணையுடன் 1962ஆம் ஆண்டில், இரண்டு விண்கலங்கள் ஒன்றோடொன்று பொருதும் விளையாட்டொன்றை அதன் திரையிலே தோற்றுவித்தார். 'ஸ்பேஸ்வோர்' என்பது அதன் பெயர். கணனி விளையாட்டுகளின் முன்னோடிகளுள் ஒன்று அது. கணனியின் ஆளிகளைத் தட்டித் தட்டி விளையாடியவர்களுக்கு முழங்கை வலித்தது. உடனே அலன் கொட்டொக்கும் இன்னொரு நண்பரும் மாதிரி இருப்புப்பாதைக் கழகத்தின் அறைக்குச் சென்று, அங்கே கிடந்த பலகைத் துண்டுகளையும் ஆளிகளையும் கம்பிகளையும் பொறுக்கி, கையில் வைத்து இயக்கும் பெட்டிகளைச் செய்து வந்தனர். இந்தக் கொட்டொக்கே பிற்காலத்தில் பி.டி.பி.-10 என்ற புகழ்பெற்ற கணனியின் தலைமை வடிவமைப்பாளராக விளங்கியவர்.

இத்தனையையும் கேட்ட பெற்றோர் ஒருவர், 'பிள்ளைகள் படிப்பை விட்டு விளையாடியதைப் புகழ்ந்து பேசலாமா?' என்று வினவக்கூடும். வினா நியாயமானதே. இரவெல்லாம் விழித்திருந்து, பகலில் வகுப்பைத் தவறவிட்டு, பரீட்சையிலே இடறியவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்த இழப்பை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மறுபுறம், ஒரு மாணவர் கணிதப் பாடத்தின் கணக்குகளைச் செய்வதற்குக் கணனியிலே ஒரு கட்டளைத் தொகுதியை எழுதி, அதனாலே விடை கண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். கணனியைப் பயன்படுத்திய குற்றத்துக்காக அவருக்குப் பூச்சியமே பரிசாகக் கிடைத்தது! அந்த மாணவர் எழுதியது போன்ற கருவியை இன்று ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் கையில் வைத்திருக்கின்றது. விளையாட்டு எங்கே முடிகின்றது, கல்வி எங்கே தொடங்குகின்றது என்று அந்நாளில் ஆசிரியருக்கும் தெரியவில்லை, மாணவருக்கும் தெரியவில்லை.

காலம் ஓடியது. தற்காலிகக் கட்டடத்தின் காலமும் முடிந்தது. 20ஆம் இலக்கக் கட்டடத்தை இடிப்பதென முடிவாயிற்று; 1998ஆம் ஆண்டில் அது இடிக்கப்பட்டது. கழகம் அதற்கு முன்னரே வேறொரு கட்டடத்துக்குச் செல்ல வேண்டியதாயிற்று. தனி வண்டிகளைப் பெட்டியிலே அடுக்கி எடுத்துச் செல்லலாம். ஆனால், அறையின் அளவுக்கேற்ப ஐந்து தசாப்தங்களாக வளர்ந்த மலைகளையும் பாலங்களையும், மேசைக்கடியிற் பின்னிக்கிடந்த கம்பிக் காட்டையும் எவ்வாறு எடுத்துச் செல்வது? பெரும்பகுதியை அழித்துவிடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பல தலைமுறை மாணவர்களின் கைவேலை அவ்வாறு மறைந்தது.

அத்துடன் கழகமும் கலைந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் புதிய இடத்திலே அவர்கள் வெறுந்தரையிலிருந்து மீண்டும் தொடங்கினர். மரச்சட்டம் அடித்தனர்; தண்டவாளம் பதித்தனர்; ஓடுவது 1950களின் வண்டிகளே என்ற பழைய தீர்மானத்தையும் காத்துக்கொண்டனர். றிலேக்கள் செய்த வேலையைக் கணனியும், கழகத்தவர் தாமே ஆக்கிய மின்னணுச் சுற்றுகளும் ஏற்றுக்கொண்டன. புதிய பாதையமைப்பிலே, எம்.ஐ.ரி.யின் உயர்ந்த கட்டடங்களுள் ஒன்றான கிறீன் கட்டடத்தின் மாதிரியையும் அமைத்தனர். அதன் சன்னல்களில் சிறு விளக்குகளைப் பொருத்தி, 'ரெற்றிஸ்' என்ற, விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டை அவற்றிலே ஓடவிட்டனர். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், உண்மையான கிறீன் கட்டடத்தின் சன்னல்களிலும் மாணவர் அதே விளையாட்டை ஒளிரச் செய்து ஊரையே வியக்கவைத்தனர்.

மாதிரி இருப்புப்பாதை அமைப்போரிடையே, பாதையமைப்பு என்றைக்கும் முடிவடைவதில்லை என்றொரு பேச்சு உண்டு. ஒரு மூலையை முடிப்பதற்குள் மற்றொரு மூலை பழுதடையும். ஒருவர் பதித்த பாதையை அடுத்து வருபவர் மாற்றியமைப்பார். கேம்பிரிட்ஜ் மாணவர் இழந்தது மரமும் சாந்தும் கம்பியுமாகும். நாற்பது மணி நேர உழைப்புக்கு ஒரு திறவுகோல் என்ற வழக்கம் கற்பித்த பண்பு, இடிக்கக்கூடிய எந்தக் கட்டடத்திலும் தங்கியிருக்கவில்லை. வீட்டிலே ஒரு பிள்ளை விளையாட்டுப் பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதன் உட்பக்கத்தை உற்றுநோக்கிக்கொண்டிருக்கக் காணும் பெற்றோர், கோபிக்குமுன் சற்றே பொறுத்து, அப்பிள்ளை எதனைத் தேடுகின்றது என்று அருகில் அமர்ந்து கேட்பது நன்று.